படகில் தீ: கையில் என்ன இருக்க வேண்டும்?

சென்ற இதழில், படகுகளின் மின்வயர் இணைப்புகள் உப்புக் காற்றில் பச்சை பிடித்துச் சூடாவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாகரையிலிருந்து பொத்துவில் வரை பல வாசகர்கள், அப்படிச் சூடாகித் தீ பற்றிவிட்டால் அணைப்பதற்கு எந்தக் கருவியை வாங்கி வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கரையில் தீ பிடித்தால் ஓடி விலகி நின்று அயலவரைக் கூப்பிடலாம். கடலில் விலகி நிற்பதற்கு இடமில்லை. ஆகையால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது 40 அடிக்கு மேற்பட்ட பலநாள் படகு, உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின். 9 கிலோ தீயணைப்புத் தூள் சிலிண்டர் இரண்டு வாங்கி வைத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். எஞ்சின் அறைக்குத் தானாக வேலை செய்யும் வாயுச் சிலிண்டர் கட்டாயம் வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைக் கேட்பது?
— படகு உரிமையாளர், வாழைச்சேனை

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே சிலிண்டரிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் தீயிலிருந்து தொடங்குங்கள். உங்கள் படகில் தீ எந்தெந்த இடத்தில் பிறக்கும், அங்கே எரியப்போவது என்ன, அந்த நேரத்தில் அதற்கு மிக அருகில் நிற்கப்போகிறவர் யார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள்.

முதலில் எஞ்சின் அறை. டீசல் பெற்றோலைப் போல எளிதில் பற்றுவதில்லை. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வரை சூடேறினால்தான் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அந்தத் தைரியத்தில்தான் பலர் எஞ்சின் அறையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உயர் அழுத்த எரிபொருள் குழாயில் ஊசி முனையளவு வெடிப்பு விழுந்தால், அதிலிருந்து பனி போலச் சிதறும் டீசல் சூடான புகைக்குழாயில் பட்ட கணத்திலேயே எரியத் தொடங்கிவிடும். அந்தத் தீக்கு மேலே இருப்பது பைபர் தளம். பைபரில் உள்ள பிசின் பற்றிக்கொண்டால் வரும் கரும்புகையில் இரண்டு மூச்சு எடுப்பதே பெரும்பாடு.

புகையைக் கண்டதும் எல்லோருடைய கையும் எஞ்சின் அறை மூடியைத் திறக்கத்தான் போகும். அதைத்தான் செய்யக் கூடாது. மூடிய அறைக்குள் காற்றுக் குறைந்து அடங்கத் தொடங்கியிருக்கும் தீ, மூடி திறந்ததும் புதிய காற்றை இழுத்துக்கொண்டு உங்கள் முகத்துக்கு நேரே எழும்பும். இந்த இடத்தில் கையில் 9 கிலோ தூள் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் தூளை அடிப்பதற்கு மூடியைத் திறந்தாக வேண்டும். ஆகவே உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதே எஞ்சின் அறைக்குச் சரியானது: உள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டு, மூடி மூடியபடியே வேலை செய்யும் அமைப்பு ஒன்று வேண்டும். அதற்கு இப்போது பணம் இல்லையென்றால், சிலிண்டரின் குழாய் முனை மட்டும் நுழையும் அளவுக்கு மூடியில் ஓர் ஓட்டை போட்டு, அதற்குச் சுழற்றித் திறக்கும் சிறு தகட்டு மூடியும் பொருத்துங்கள். செலவு மிகக் குறைவு. ஆபத்து வேளையில் அந்த ஓட்டையின் பெறுமதி பெரிது.

நிலையான அமைப்பை வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. தானாகத் திறப்பவற்றில் பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் வெப்பத்தில் வெடித்ததும் வாயு வெளியேறும். குமிழில் உள்ள திரவம் சிவப்பு என்றால் 68 பாகையிலும், மஞ்சள் என்றால் 79 பாகையிலும் வெடிக்கும். நமது வெயிலில், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு மேலேயுள்ள காற்றே எவ்வளவு சூடாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மஞ்சளைத் தெரிவு செய்யுங்கள். சிவப்புக் குமிழ் ஒருநாள் தீயில்லாமலேயே வெடித்துச் சிலிண்டரை வெறுமையாக்கிவிடலாம்.

அடுத்தது அளவு. எஞ்சின் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீற்றரில் அளந்து பெருக்குங்கள். 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரம் என்றால் 9 கனமீற்றர். எஞ்சின் அடைத்திருக்கும் இடத்தைக் கழிக்காதீர்கள். கப்பல்களின் எஞ்சின் அறைகளுக்குக் காபனீரொட்சைட்டைக் கணக்கிடும் சர்வதேச முறையில், அறையின் கொள்ளளவில் நூற்றுக்கு 40 பங்கு வாயு வேண்டும், ஒரு கிலோ 0.56 கனமீற்றர் வாயுவைத் தரும் என்று கொள்வார்கள். அதன்படி உங்கள் 9 கனமீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோ வேண்டும். எனவே யாராவது 2 கிலோ சிலிண்டரை மேலே தொங்கவிட்டுவிட்டு இது போதும் என்றால் நம்ப வேண்டாம். வேறு வாயுக்களில் வரும் அமைப்புகளின் சிட்டையில், எத்தனை கனமீற்றர் வரை காக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் கணக்கு அதற்குள் அடங்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயு வெளியேறும் வேளையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். 10 லீற்றர் கொள்ளளவுள்ள நான்கு அடிப்பு எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும்போது, ஒரு நிமிடத்தில் 7,500 லீற்றர் காற்றை, அதாவது ஏழரைக் கனமீற்றரை உறிஞ்சுகிறது. உங்கள் எஞ்சின் அறையில் உள்ள முழுக் காற்றையும், அதோடு கலந்த தீயணைப்பு வாயுவையும் அது ஒன்றேகால் நிமிடத்துக்குள் விழுங்கிப் புகைக்குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். ஆகையால் எஞ்சினை நிறுத்தும் வழியும், எரிபொருளை அடைக்கும் வால்வும், காற்று வரும் துளைகளை மூடும் தகடுகளும் எஞ்சின் அறைக்கு வெளியே இருந்து கையாளக்கூடியவையாக இருக்க வேண்டும். வாயுவை விட்ட பின்னர் குறைந்தது 15 நிமிடமாவது மூடியைத் தொடக் கூடாது.

தானாகத் திறக்கும் அமைப்பென்றால் காபனீரொட்சைட்டு வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து வடிகட்டி மாற்றிக்கொண்டிருக்கும் பையனின் தலைக்கு மேல் அது திறந்தால், அவன் ஏணியில் ஏறி வெளியே வருவதற்குள் மயங்கி விழுந்துவிடுவான். காபனீரொட்சைட்டுத்தான் கிடைக்கிறதென்றால், வெளியிலிருந்து கையால் இழுத்துத் திறக்கும் வகையாகப் பொருத்தி, இழுப்பதற்கு முன் ஆட்களை எண்ணிப் பாருங்கள். தானியங்கிக்கு எப்எம் 200 போன்ற வாயுக்கள் இருக்கின்றன. பொட்டாசியம் உப்பைப் புகை போன்ற நுண்துகளாக விடும் வகையும் இருக்கிறது. எப்எம் 200 புவி வெப்பத்தைக் கூட்டும் வாயு என்பதால் 2016 ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தம் என்ற சர்வதேச உடன்பாட்டின் கீழ் உலகெங்கும் படிப்படியாகக் குறைக்கப்படும் வகையைச் சேர்ந்தது; பத்து வருடம் கழித்து யார் நிரப்பித் தருவார் என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். பழைய கப்பல்களில் கழற்றிய, ஹேலன் என்ற தீயணைப்பு வாயுச் சிலிண்டர்கள் மலிவாக வந்தால் வாங்காதீர்கள். ஓசோன் படலத்தை அழிப்பதால் அதன் உற்பத்தி 2010 உடன் உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது.

இனிக் கைக்கருவிகள். எஞ்சின் அறை மூடிக்கு அருகே, ஆனால் அறைக்கு வெளியே, 6 கிலோ தூள் ஒன்று. தூங்கும் இடத்தின் வாசலில் 2 கிலோ தூள் ஒன்று. 9 கிலோவை ஆடும் தளத்தில் ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிடித்து அடிப்பது எளிதல்ல, ஆகையால் அதை நான் தெரிவு செய்யமாட்டேன். வானொலியும் ஆழமானியும் உள்ள சுக்கான் அறைக்கு, தூள் உள்ளே போய் அவற்றைக் கெடுக்காமல் இருக்க, 2 கிலோ காபனீரொட்சைட்டு வைக்கலாம். ஆனால் அந்த அறை 2 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம் என்றால், சிலிண்டர் முழுவதையும் அடித்து முடிக்கும்போது அங்குள்ள காற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் காபனீரொட்சைட்டாகிவிடும். பத்துப் பங்கைத் தாண்டினாலே மனிதன் சில நிமிடங்களில் நினைவிழப்பான். அடித்ததும் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள்.

கேள்வி: எனது 19 அடிப் பைபர் போட்டில் மண்ணெண்ணெய் எஞ்சின் போட்டிருக்கிறேன். இவ்வளவு சிறிய, திறந்த போட்டுக்கு இதெல்லாம் தேவையா? சுற்றிலும் தண்ணீர்தானே இருக்கிறது.
— கடற்றொழிலாளர், கல்முனை

பதில்: சுற்றிலும் இருக்கும் அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் தீயில் ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெயும் பெற்றோலும் தண்ணீரை விட இலேசானவை. வாளித் தண்ணீரை ஊற்றினால் எரியும் எண்ணெய் அதன் மேல் மிதந்து, போட்டின் முன்முனையான அணியம் வரை ஓடி வரும். கயிறு கட்டிய வாளி உங்களிடம் இருக்கத்தான் வேண்டும். வலை, கயிறு, துணி, பலகை எரிந்தால் அதுவே முதல் ஆயுதம். எண்ணெய் எரிந்தால் அல்ல.

உங்கள் போட்டில் இரண்டு எரிபொருள் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். எஞ்சினைப் பெற்றோலில் முடுக்கிச் சூடேற்றிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள். அந்தக் கொஞ்சப் பெற்றோல்தான் ஆபத்தானது. அதைச் சோடாப் போத்தலில் ஊற்றி, எஞ்சினுக்குப் பக்கத்தில், மூடி சரியாக இறுகாமல் சாய்த்து வைத்திருப்பதை நான் பல கரைகளில் பார்த்திருக்கிறேன். பெற்றோலின் ஆவி காற்றை விடப் பாரமானது. அது மேலே போகாமல் போட்டின் அடியில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், கண்ணுக்குத் தெரியாமல் படுத்துக்கிடக்கும். பற்றரி முனையில் ஒரு பொறி போதும். ஆகவே கருவி வாங்குவதற்கு முன்னரே அந்தப் போத்தலை மாற்றி, எரிபொருளுக்கென்று செய்த, இறுக மூடும் சிறு கேன் ஒன்றை வாங்குங்கள்; கடலில் நிரப்ப வேண்டியிருந்தால் எஞ்சினை நிறுத்தி, பீடியையும் அணைத்துவிட்டு நிரப்புங்கள்.

உங்களுக்கு ஏற்றது 2 கிலோ உலர் தூள் சிலிண்டர் ஒன்று. ஒரு கிலோவும் கிடைக்கும், விலையும் குறையும். ஆனால் அது ஆறு, ஏழு விநாடிகளில் தீர்ந்துவிடும். 2 கிலோவே எட்டிலிருந்து பத்து விநாடிதான். திறந்த போட்டில் தூளில் ஒரு பகுதியைக் காற்றுக் கொண்டுபோய்விடும் என்பதால் இதற்குக் கீழே இறங்க வேண்டாம். காபனீரொட்சைட்டுத் திறந்த போட்டுக்கு உதவாது. சோளகக் காற்று ஒருமுறை வீசினால் தீயின் மேல் அந்த வாயு நிற்காது.

சிட்டையில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள். ஏ என்பது மரம், துணி போன்ற திடப்பொருள் தீ. பி என்பது எண்ணெய்த் தீ. ஐரோப்பிய முறையில் சி என்றால் எரிவாயுத் தீ, அமெரிக்க முறையில் அதே சி மின்சாரத் தீயைக் குறிக்கும். நமது கடைகளில் எந்த முறையில் வந்ததும் கலந்து கிடக்கலாம் என்பதால் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய முறையில் 70பி என்று இருந்தால், 70 லீற்றர் திரவம் கொண்ட தட்டில், அதில் மூன்றில் இரண்டு பங்கு எரிபொருளாக இருக்கையில், பயிற்சி பெற்ற ஒருவர் அணைத்துக் காட்டிய தீ என்று பொருள். 2 கிலோ தூளில் 13ஏ, 70பி என்று வழக்கமாகக் காணலாம். அதே 2 கிலோ காபனீரொட்சைட்டில் 34பி மட்டுமே இருக்கும். ஒரே எடையில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். எந்த எண்ணும் இல்லாத சிலிண்டர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். தீ பிடிக்கும் இடம் அதுவே என்பதால், சிலிண்டரை எடுக்க நெருப்புக்குள் கை நீட்ட வேண்டிவரும். நடு இருக்கையின் அடியில், துருப்பிடிக்காத பட்டியில், ஒரே இழுப்பில் கழலும்படி பொருத்துங்கள். எஞ்சின் மூடிக்குள் எரிந்தால் எஞ்சினை நிறுத்தி, எரிபொருள் குழாயைக் கழற்றி, மூடியை முழுவதும் எடுக்காமல் சற்றே நெம்பி அந்த இடைவெளியால் அடியுங்கள். அடிக்கும்போது சுவாலையின் உச்சியில் அல்ல, அடிவேரில், இடம் வலமாக அடிக்க வேண்டும். கரையோர ஆழம் என்றால், கூட இருப்பவர் அதே நேரத்தில் அணியத்திலிருந்து நங்கூரத்தைப் போடட்டும். அணியம் காற்றுக்கு எதிரே திரும்பி நிற்க, சுவாலை பின்னால் கடல் பக்கம் சாயும், நீங்கள் நிற்கும் இடம் பிழைக்கும்.

கேள்வி: என் கணவர் ஆழ்கடல் படகில் மூன்று, நான்கு வாரம் தொழிலுக்குப் போகிறவர். படகில் எரிவாயு அடுப்பில்தான் சமைக்கிறார்கள். படகின் உரிமையாளரிடம் என்ன வாங்கி வைக்கும்படி கேட்பது?
— வாசகி, ஒலுவில்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது நல்லது. சமைக்கும் இடத்துத் தீயைப் பற்றி ஆண்கள் எழுதிய ஒரு கடிதமும் எனக்கு வரவில்லை.

உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, எரிவாயுச் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்பதுதான். சமையல் எரிவாயுவும் காற்றை விடப் பாரமானது. வீட்டில் கசிந்தால் கதவு யன்னலைத் திறந்து வெளியேற்றலாம். படகில் கசிந்தால் அது தளத்தின் இடைவெளிகளால் கீழிறங்கி எஞ்சின் அறையில் போய் நிற்கும். ஆகவே சிலிண்டர் மேல்தளத்தில், திறந்த வெளியில், நிமிர்த்திக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சமைத்து முடிந்ததும் அடுப்பின் திருகை மட்டுமன்றிச் சிலிண்டரின் தலைத் திருகையும் மூட வேண்டும். குழாய் முனையில் எரிவாயு எரிந்துகொண்டிருந்தால், வாயுவை நிறுத்தாமல் தீயை மட்டும் அணைக்கவும் கூடாது. அணைந்த பிறகு வெளியேறும் வாயு சேர்ந்து நின்று, பிறகு ஒரேயடியாக வெடிக்கும்.

சமைக்கும் இடத்துக்கு ஒரு தீப்போர்வையும் 2 கிலோ தூளும் போதும். தீப்போர்வை என்பது தீப்பற்றாத துணி. மீன் பொரிக்கும் தாச்சி எரியத் தொடங்கினால் அடுப்பை அணைத்து, போர்வையின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்புக்கும் நெருப்புக்கும் நடுவில் பிடித்தபடி தாச்சியின் மேல் படுக்க வைக்க வேண்டும். பிறகு கால் மணி நேரத்துக்காவது எட்டிப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் சூடு குறையாத எண்ணெய் காற்றுப் பட்டதும் திரும்பவும் பற்றும். போர்வை இல்லாத இடத்தில் தாச்சிக்குப் பொருந்தும் ஒரு மூடியே பெரிய உதவி. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கணவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்: தண்ணீர் கொதித்து நீராவியாகி எண்ணெயைக் கூரை வரை வாரி எறியும். தூளையும் மிக அருகில் நின்று அடிக்கக் கூடாது, அதன் வேகமே எண்ணெயைத் தெறிக்க வைக்கும். இரண்டு மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். இந்த இரண்டு பொருளையும் அடுப்புக்கு மேலே மாட்டாமல், வெளியேறும் வாசலோரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பாசிக்குடாவில் கண்ணாடி அடிப் படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறேன். பயணிகள் இருக்கும் படகில் தூள் அடிப்பது அவர்களுக்குக் கூடாது என்கிறார்கள். நுரை வாங்கலாமா?
— படகோட்டி, கல்குடா

பதில்: நுரை எண்ணெயின் மேல் போர்வை போலப் படிந்து திரும்பப் பற்றவிடாமல் தடுக்கும், கண்ணை மறைக்கும் மூட்டத்தையும் எழுப்பாது. கூரை போட்ட படகில் சிறு பிள்ளைகள் நெருங்கி இருக்கும்போது தூள் கிளம்பினால் அவர்கள் இருமிப் பதறி ஒரே பக்கமாக எழுந்து ஓடுவார்கள், தீயை விடப் படகு சரிவதே பெரிய ஆபத்தாகிவிடும். ஆகவே உங்கள் படகுக்கு நுரை நல்ல தெரிவு. ஆனால் ஓடும் எரிபொருளை, எஞ்சினின் இடுக்குகளுக்குள் எரியும் தீயைத் தூள்தான் வேகமாக அமர்த்தும். பின்புறத்தில் எஞ்சினுக்குக் கை எட்டும் தூரத்தில் 2 கிலோ தூளும், முன்புறத்தில் பயணிகள் பக்கம் ஒரு நுரையும் வையுங்கள். பிரித்தானிய முறைப்படி வரும் சிவப்புச் சிலிண்டர்களில் நுரைக்கு வெளிர்மஞ்சள் பட்டையும், தூளுக்கு நீலப் பட்டையும், காபனீரொட்சைட்டுக்குக் கறுப்புப் பட்டையும் இருக்கும்.

உயிர்காப்பு அங்கிகளை இருக்கைக்கு அடியில் பூட்டி வைக்காதீர்கள். தீயணைப்புக் கருவி தோற்றுவிட்டால் பயணிகள் கடலுக்குள்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: சங்கமன்கண்டிக் கடலில் எரிந்த எண்ணெய்க் கப்பலை அணைக்க ஏன் அத்தனை நாள் எடுத்தது?
— உயர்தர மாணவி, அக்கரைப்பற்று

பதில்: மகள், நீங்கள் கேட்பது 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி தீப்பிடித்த நியூ டயமண்ட் கப்பலைப் பற்றி. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலில் தீ தொடங்கியது எண்ணெய்த் தாங்கிகளில் அல்ல, எஞ்சின் அறையில்தான். கொதிகலன் வெடித்ததில் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கை, இந்தியக் கப்பல்களும் விமானங்களும் சேர்ந்து போராடிக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் செப்டெம்பர் 7 ஆம் திகதி தீ மீண்டும் எழுந்தது. சுவாலை அடங்கினாலும் இரும்பு தணலாக இருக்கும். எரிபொருளின் ஆவி அதில் பட்டதும் மறுபடி பற்றும். அதனால்தான் தண்ணீரை நாட்கணக்காக இறைத்துக் கப்பலின் உடலைக் குளிர வைத்துக்கொண்டே இருந்தார்கள். எஞ்சின் அறை மூடியை 15 நிமிடத்துக்குத் திறக்காதீர்கள் என்று மேலே எழுதியிருப்பதற்கும் காரணம் இதுவே.

கேள்வி: வாவியில் ஓடும் எனது சிறு படகுக்கு லித்தியம் பற்றரியில் ஓடும் மின்மோட்டார் பொருத்த எண்ணியிருக்கிறேன். அதற்கும் தூள்தானா?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: வயரிலோ பெட்டியிலோ பற்றிய தீயைத் தூள் அமர்த்தும். லித்தியம் பற்றரிக்குள்ளேயே தொடங்கும் வெப்பத்தைத் தூளோ வாயுவோ நிறுத்தாது. அது வெளிக் காற்றுக்குக் காத்திருக்காமல் உள்ளே தானாகவே கூடிக்கொண்டு போகும். அதைக் குளிர்விப்பது நிறையத் தண்ணீர் மட்டுமே, வரும் புகையும் நஞ்சு. ஆகவே பற்றரியை இருக்கைக்கு அடியில் அடைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் ஆட்களிடமிருந்து விலக்கி வையுங்கள். இரவு முழுவதும் வீட்டுக்குள் மின்னேற்றவும் வேண்டாம்.

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய தூள் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் இன்னும் பச்சையில்தான் நிற்கிறது. அப்படியென்றால் பழுதில்லைதானே?
— படகு உரிமையாளர், பொத்துவில்

பதில்: பச்சை என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்பது மட்டும்தான். தூள் வெளியே வருமா என்பதை முள் சொல்லாது. இதை நான் பட்டே அறிந்தேன். நான் எஞ்சின் திருத்திய பட்டறையில் வாசலோரம் ஒரு 6 கிலோ சிலிண்டர் தொங்கியது. ஒரு கடையில் நிரப்பிய சிட்டையும் இருந்தது, முள்ளும் பச்சையில் நின்றது. ஒருநாள் பெற்றோலில் கழுவிய எஞ்சின் பாகம் ஒன்று பற்றிக்கொள்ள, ஊசியை இழுத்துப் பிடியை அமுக்கினேன். சீறிக்கொண்டு காற்று வந்தது, அதோடு ஒரு கைப்பிடித் தூள், அவ்வளவுதான். பக்கத்தில் கிடந்த சாக்கால் மூடி அணைத்ததால் தப்பினோம். பிறகு அந்தச் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால், குழலில் அமுக்கிய பிட்டு போலத் தூள் அடியில் இறுகிக் கிடந்தது. படகின் அதிர்வு இல்லாத பட்டறையிலேயே அப்படியென்றால், எஞ்சின் அதிர்வோடு நான்கு வருடம் கடலில் போய்வந்த உங்களுடையது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே மாதம் ஒருமுறை சிலிண்டரைப் பட்டியிலிருந்து கழற்றித் தலைகீழாகப் பிடித்து, உள்ளே தூள் சரிந்து ஓடுவது கைக்குத் தெரியும் வரை குலுக்குங்கள். ஓடுவது தெரியவில்லை என்றால் திறந்து நிரப்பக் கொடுங்கள். குழாயின் முனையை உற்றுப் பாருங்கள்; குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருப்பதை நான் இரண்டு, மூன்று தடவை கண்டிருக்கிறேன். ஊசி உப்பில் துருவேறி இறுகியிருக்கிறதா என்று சற்றுத் திருகிப் பாருங்கள். சிலிண்டரின் அடிவிளிம்பில் சாயம் கொப்பளித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். தகட்டில் குழி விழுந்திருந்தால் அதை நிரப்ப வேண்டாம், அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கக்கூடும். பிளாஸ்ரிக் தலையுள்ள மலிவான வகையைப் படகுக்கு வாங்காதீர்கள், பித்தளை அல்லது அலுமினியத் தலையுள்ளதை வாங்குங்கள். ஒருமுறை சில விநாடி அடித்துப் பார்த்த சிலிண்டரும் முடிந்த சிலிண்டர்தான். வால்வில் தூள் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும், உடனே நிரப்ப வேண்டும்.

தூள் பட்ட எஞ்சினை நன்னீரால் கழுவித் துடைக்க மறக்க வேண்டாம். ஏ, பி இரண்டுக்கும் பயன்படும் தூளில் உள்ள அமோனியம் பொஸ்பேற்று ஈரத்தில் அமிலமாகி அலுமினியத்தை அரித்துவிடும். பி மட்டும் உள்ள தூள் பெரும்பாலும் சோடியம் இருகாபனேற்று, அதாவது நமது அப்பச்சோடா. அதன் அரிப்புக் குறைவு, ஆனால் மரமும் துணியும் எரியும் தீக்கு அது போதாது.

காபனீரொட்சைட்டுச் சிலிண்டரில் முள்ளே இருக்காது. அதை நிறுத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கு வேறு கருவி தேடிப் போக வேண்டியதில்லை. மீன் நிறுக்கும் தராசில் மாட்டினால் போதும். சிலிண்டரில் குத்தியுள்ள வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவது வாயுவின் எடை. 2 கிலோவில் 200 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்பக் கொடுக்க வேண்டும்.

வாடைக் காற்றுக்குப் படகுகள் கரையேறி நிற்கும் நவம்பர், டிசெம்பர் மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்ற காலம். தூள் சிலிண்டரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திறந்து புதிதாக நிரப்ப வேண்டும். உங்களுடையதற்கு இன்னும் ஒரு வருடம் இருந்தாலும் இந்த மாரியிலேயே கொடுத்துவிடுங்கள். நிரப்பும் இடத்தில் நின்று பழைய தூளைக் கொட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள், புதிய தூள் போடுவதையும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே மீன் தராசில் நிறுத்து, எடையையும் திகதியையும் சிலிண்டரின் வயிற்றில் வெள்ளை எனாமல் சாயத்தால் எழுதி வையுங்கள். ஒட்டும் சிட்டை கடலில் ஒரு பருவம் தாங்காது.